இழை: டிக்டிக் மானின் ‘மிடன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எழுதுவது: மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

ஓர் இயற்கை ஆவணப்படத்துக்குத் தமிழில் பின்னணி உரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை குரல்பதிவு. மற்றதெல்லாம் முடிந்தது, ஒரே ஒரு சொல்தான் வழிவிடாமல் நிற்கிறது.

படம் டிக்டிக் பற்றியது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும், தென்மேற்கே நமீபியா, அங்கோலா பக்கத்திலும் முட்புதர்க் காடுகளில் வாழும் மிகச் சிறிய மான் வகை. தோள் வரை உயரம் 30 முதல் 40 செ.மீ., எடை பெரும்பாலும் 3 முதல் 6 கிலோ. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து ஒரு நிலப்பகுதியைப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கின்றன. அந்தப் பகுதியின் ஓரங்களில் சில குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பக் கழிவிடும். நாளாவட்டத்தில் அங்கே குவியல் உண்டாகிவிடும். அதைத்தான் ஆங்கிலத்தில் மிடன் என்கிறார்கள்.

காட்சியைச் சொல்லிவிடுகிறேன். பெண் வந்து குவியலின் மேல் சிறுநீரும் புழுக்கையும் இடுகிறது. ஆண் பின்னால் காத்து நிற்கிறது. பெண் நகர்ந்ததும் மோந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்குகிறது. முன்னங்காலால் வறட்டு வறட்டென்று கீறுகிறது. பிறகு பெண் இட்டதன் மேலேயே தன்னுடையதையும் இடுகிறது. இதற்குள் அந்த இடத்தின் பெயரை ஒரே சொல்லில் சொல்லியாக வேண்டும். ‘கழிப்பிடம்’ என்றால் கட்டடம் நினைவுக்கு வருகிறது, ‘சாணக்குவியல்’ என்றால் மாடு. கைகொடுங்கள்.

—

எழுதுவது: தமிழாசிரியர் (ஓய்வு)

அம்மா, இந்த விஷயத்தில் தமிழில் பஞ்சமே கிடையாது. மாட்டுக்குச் சாணம், யானைக்கு இலத்தி, கழுதைக்கு விட்டை, பறவைக்கு எச்சம், ஆட்டுக்கும் எலிக்கும் பிழுக்கை. உருண்டை உருண்டையாக விழுவது பிழுக்கை. மான் இடுவதும் அதுவே. குவை என்றால் குவியல். ஆகவே ‘பிழுக்கைக்குவை’ என்று எழுதுங்கள்.

நீங்கள் ‘புழுக்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். திருந்திய வடிவம் பிழுக்கை. திருவொற்றியூர்ப் பதிகத்தில் சுந்தரர் ‘பிழுக்கை வாரியும் பால்கொள்வர் அடிகேள்’ என்கிறார். ஏடெழுதியவர் மாற்றியிருக்கலாம் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த அடி ‘பிழைப்ப னாகிலும் திருவடிப் பிழையேன்’ என்று வருகிறது. அழுக்கு, பிழுக்கை, வழுக்கி, ஒழுக்க என்று எதுகை இரண்டாம் எழுத்தைக் காக்கிறது. பிழுக்கை, பிழைப்பன் என்ற மோனை முதலெழுத்தைக் காக்கிறது. இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்புறம், டகரம் மொழிக்கு முதலில் வராது. ‘திக்திக்’ என்றே எழுதலாம். நம்மிடம் இரட்டைக்கிளவியாக ஏற்கெனவே இருக்கிற சொல். அச்சத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் ஒலி, எப்போதும் அஞ்சி வாழும் சிறு மானுக்கு எவ்வளவு பொருத்தம்!

—

எழுதுவது: விலங்கியல் ஆசிரியை

ஐயாவின் மோனைச் சான்று படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் வகுப்பில் ‘குவை’ என்று சொன்னால் ஒரு பிள்ளைக்கும் புரியாது. பிழுக்கை எழுத்தில் வரட்டும். பிள்ளைகள் வாயில் புழுக்கைதான் வரும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு மேலே போவோமே.

என் கவலை வேறு. ‘மிடன்’ டிக்டிக்குக்கு மட்டும் உரிய சொல் அல்ல. வெள்ளைக் காண்டாமிருகங்களும் பொதுக் குவியல்களில்தான் கழிவிடுகின்றன. ஆதிக்கம் செலுத்தும் ஆண் தன்னுடையதைப் பின்னங்காலால் உதைத்துச் சிதறடிக்கும். அங்கே பிழுக்கை எங்கே இருக்கிறது? இன்றைக்கு மானுக்கு ஒன்று, நாளைக்குக் காண்டாமிருகத்துக்கு இன்னொன்று என்று சொல் கட்டினால் பாடப்புத்தகம் என்ன ஆவது? எல்லா விலங்குக்கும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும். என் பரிந்துரை ‘கழிகுறி’. கழிவால் இடும் குறி. சுருக்கமாகவும் இருக்கிறது, வாயிலும் எளிதாக நுழைகிறது.

திக்திக் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த விலங்கைப் பயந்தாங்கொள்ளி ஆக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அது முதலில் செய்வது ஓட்டமல்ல. அசையாமல் நின்றுவிடும், சில நேரம் தரையோடு தரையாகப் படுத்துவிடும். ஆபத்து நெருங்கினால்தான் பாயும். பாயும்போதும் வளைந்து வளைந்து, தனக்குப் பழகிய தடங்களில்தான் ஓடும். தன் நிலத்தின் ஒவ்வொரு புதரையும் தெரிந்து வைத்திருப்பதுதான் அதன் பலம். சிறுத்தை, காட்டுப் பூனைகள், நரி, கழுகு, மலைப்பாம்பு எல்லாமே அதைத் தின்னக் காத்திருக்கின்றன. அதற்கு நடுவில் பிழைத்துக் கிடப்பது அச்சத்தால் அல்ல, கணக்கால்.

—

எழுதுவது: அகராதி அன்பர்

மிடன் என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நமக்கு வழி கிடைக்கும். அது ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சாணம் என்ற சொல்லும் குவியல் என்ற சொல்லும் ஒட்டி, தேய்ந்து, ஒரே சொல்லாகிவிட்டது. தொல்லியலாளர்கள் கிளிஞ்சல் மேட்டையும் அந்தப் பெயரால்தான் குறிக்கிறார்கள். ஆக மூலத்திலேயே ‘குறி’, ‘எல்லை’ என்ற பொருள் எதுவும் இல்லை. குவியல், அவ்வளவுதான்.

பிழுக்கையா புழுக்கையா என்பதை ஐயா முடித்துவிட்டதாக நினைக்கிறார். எனக்கு அது முடியவில்லை. புழுங்கு, புழுக்கு, புழுக்கல், புழுங்கல் அரிசி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. வயிற்றுச் சூட்டில் புழுங்கி வெளிவருவது புழுக்கை என்று நான் கொள்கிறேன். அப்படியானால் பு முதலில், பி பின்னால்.

இன்னொரு பரிந்துரை: எச்சம். எஞ்சுவது எச்சம், விட்டுச் செல்வதும் எச்சம். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப் படும்’ என்ற குறளை இந்த மானுக்குச் சொன்னதாகவே படிக்கலாம். யார் வந்தது, ஆணா பெண்ணா, அயலா உறவா என்பதெல்லாம் அது விட்டுச் சென்றதை மோந்துதான் தெரிகிறது. ‘எச்சமேடு’ என்று வைத்தால் காண்டாமிருகமும் உள்ளே வந்துவிடும், ஆசிரியையின் கவலையும் தீரும்.

—

எழுதுவது: தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, புழுங்கலை இங்கே இழுக்க வேண்டாம். பகரம் போன்ற இதழொலி, அதை அடுத்து இகரம், அதை அடுத்து ட, ள, ழ போன்ற நாமடி ஒலி வந்தால் பேச்சில் இகரம் உகரமாகக் குவிகிறது. பிட்டு புட்டாகிறது, பிடி புடியாகிறது, பிள்ளை புள்ளையாகிறது. அதே வழியில்தான் பிழுக்கை புழுக்கையானது. ஒரு வரிசையே கண்முன் நிற்கும்போது அரிசியை ஏன் தேடிப் போக வேண்டும்?

ஆசிரியை அம்மாவின் ‘கழிகுறி’யில் ஓர் இடர் இருக்கிறது. கழி என்பது மிகுதியைக் காட்டும் உரிச்சொல். உறு, தவ, நனி, கூர், கழி. கழிபேருவகை என்கிறோம். கழிகுறி என்றதும் என் காதில் ‘பெரிய குறி’ என்றுதான் விழுகிறது.

ஆனால் ‘குறி’ நல்ல சொல், அதை விடாதீர்கள். அகத்திணையில் இரவுக்குறி, பகற்குறி என்பது தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம். அடையாளமும் குறி, குறித்த இடமும் குறி. இந்த இணைமான்கள் சேர்ந்து திரும்பத் திரும்ப வரும் இடத்துக்கு இதைவிடச் செறிவான சொல் உண்டா? ‘பிழுக்கைக்குறி’ என்று முடித்துவிடலாம்.

—

எழுதுவது: கென்யாவில் பணிபுரியும் நண்பர்

வேலை காரணமாக லைகிப்பியா, சம்புரு பகுதிகளில் இந்த மான்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு மூன்று விஷயங்கள்.

முதலாவது பெயர். ஆபத்தைக் கண்டால் மூக்கு வழியாக விசிலடிப்பது போன்ற ஓர் ஒலி எழுப்பும். அந்த ஒலியிலிருந்துதான் பெயர் வந்தது. காதில் கேட்பது டிக்கும் இல்லை, திக்கும் இல்லை. ‘ஸிக் ஸிக்’ என்பதற்குத்தான் கிட்டத்தில் வருகிறது. சுவாகிலியில் டிகிடிகி என்கிறார்கள். ஆகவே டகரத்துக்கு உயிரைக் கொடுக்கவும் வேண்டாம், தகரத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, குவியலை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கண்ணின் உள்மூலைக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி இருக்கும். முதலில் பார்ப்பவர்கள் கண்ணீர்க் கறை என்று நினைப்பார்கள். அது சுரப்பியின் வாய். கழிவிட்டு முடித்ததும் அருகில் உள்ள குச்சியின் நுனியோ புல்லின் நுனியோ அந்தச் சுரப்பிக்குள் போகிற மாதிரி முகத்தைக் கொண்டுபோய் மெல்ல அழுத்தும். கண்ணில் குத்திவிடுமோ என்று நமக்குப் பதறும். முகத்தை எடுத்ததும் குச்சி நுனியில் தார் போல ஒரு துளி ஒட்டியிருக்கும். அதே குச்சிக்குத் திரும்பத் திரும்ப வருவதால் துளிமேல் துளி காய்ந்து சிறு மணி போலத் திரண்டுவிடும். குவியலும் குச்சியும் சேர்ந்துதான் செய்தி.

மூன்றாவது, அகராதி அன்பரின் புழுங்கல். இந்த மானின் பிழுக்கை புழுங்கியது அல்ல, நன்றாக உலர்ந்தது. நீர்நிலைக்குப் போகாமலே வாழக்கூடிய விலங்கு. இலைகளிலும் பனித்துளியிலும் உள்ள ஈரமே அதற்குப் போதும். அதனால் சிறுநீரைச் செறிவாக்கி, கழிவில் உள்ள நீரையும் உறிஞ்சிக்கொண்டுதான் வெளியே விடுகிறது. நீண்டு தொங்கும் அந்த மூக்கும் அதற்கு உதவுகிறது. வெயிலில் மூச்சு வாங்கும்போது மூக்கினுள் ஓடும் ரத்தம் குளிர்கிறது, வியர்த்து நீரை வீணாக்க வேண்டியதில்லை. குவியல் நெடுநாள் குவியலாகவே கிடப்பதற்கு அந்த உலர்ச்சியும் ஒரு காரணம்.

இங்கே சொல்லும் கதை ஒன்று: ஒரு டிக்டிக் யானையின் இலத்தியில் தடுக்கி விழுந்ததாம். அன்றிலிருந்து யானையைத் தடுக்கி விழவைக்க எல்லாம் ஒரே இடத்தில் இட்டுக் குவித்து வருகின்றனவாம்.

—

எழுதுவது: மொழிபெயர்ப்பாளர்

யானைக் கதைக்கு நன்றி அண்ணா. படத்தில் இல்லை, இருந்திருக்கலாம்.

‘குறி’ எனக்கும் மிகவும் பிடித்தது. இரவுக்குறி என்று ஐயா சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பேச்சில் அந்தச் சொல் வேறு பொருளில் ஓடுகிறது. குரல் கொடுப்பவர் வாசித்ததுமே மாற்றச் சொல்வார். மன்னியுங்கள்.

எல்லை என்ற சொல்லை முன்னால் வைத்தால் என்ன? ‘எல்லைமேடு’. அல்லது மணத்தால் செய்தி சொல்வதால் ‘மணமேடு’?

—

எழுதுவது: அகராதி அன்பர்

மணமேடு வேண்டாம். மணமேடை என்றுதான் கேட்கும். படம் முழுக்க ஓர் இணை மானைக் காட்டிவிட்டு அந்தச் சொல்லைச் சொன்னால் கல்யாணக் காட்சி என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘நாற்றமேடு’ என்றால் பழந்தமிழில் தவறில்லை. ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்கிற காலம் வரை நாறுதல் நல்ல மணம்தான். இன்றைக்கு அந்தப் பொருளை மீட்பது முடியாத காரியம்.

மான் என்ற பொதுப்பெயரையும் யாராவது கவனிக்க வேண்டும். கொம்பு உதிராத இந்த இனங்களுக்கு ‘மறிமான்’ என்று எழுதுகிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியலில் மறி என்பது இளமைப் பெயர். ஆடு, குதிரை, நவ்வி, உழை, புல்வாய் என்னும் மான் வகைகள் ஆகியவற்றின் குட்டிக்குத்தான் மறி. ‘இரலை’ என்று மாற்றினாலும் சிக்கல்தான். ‘இரலையும் கலையும் புல்வாய்க்கு உரிய’ என்று அதை ஆணுக்கு ஆக்கி வைத்திருக்கிறார் தொல்காப்பியர். டிக்டிக்கில் கொம்பு ஆணுக்கு மட்டும்தான். கொம்பில்லாத பெண்தான் சற்றுப் பெரியது. பெண்ணைப் போய் எப்படி இரலை என்பது? நான் ‘நவ்வி’ என்பேன். சிறிய, மென்மையான மானுக்கு அந்தச் சொல் காத்துக் கிடக்கிறது.

—

எழுதுவது: விலங்கியல் ஆசிரியை

நவ்விக்குத் தனி இழை போடுங்கள் தம்பி, நான் வந்து சண்டை போடுகிறேன். இந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

‘எல்லைமேடு’ கூடாது. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குவியல்கள் பெரும்பாலும் எல்லையோரம் இருப்பது உண்மை. பக்கத்து நிலத்து ஆணோடு உரசல் வந்தாலும் இரண்டும் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து வரும், முட்டாமலே நின்றுவிடும், பிறகு தரையைக் கீறிக் கழிவிட்டுப் பிரியும். அதுவரை எல்லைதான். ஆனால் ஆண் ஏன் பெண் இட்டதன் மேலேயே இடுகிறது? எல்லைக்காக என்றால் ஓரடி தள்ளி இடலாமே? பெண்ணின் வாசனை மேலே தெரிந்தால் அடுத்த நிலத்து ஆண் அதைப் படித்துவிடும். அதை மூடத்தான் இந்த ஏற்பாடு என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த மான்கள் இணைபிரியாமல் வாழ்வதைப் பற்றி அழகாக எழுதுகிறார்கள். ஆனால் ஆண் குட்டியைப் பார்த்துக்கொள்வதே இல்லை. குட்டி பிறந்த பின் சில வாரங்கள் புதருக்குள் தனியாக ஒடுங்கிக் கிடக்கும். தாய் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரும். மகன் வளர்ந்தால் தகப்பனே விரட்டும். பிறகு ஆண் எதற்கு ஒரே பெண்ணோடு கிடக்கிறது? வேறு ஆண் நெருங்காமல் காக்கத்தான். 1990களில் மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது குட்டிகள் எல்லாம் அந்தந்த இணை ஆணுக்கே பிறந்தவையாக இருந்தன. அந்தக் காவலில் குவியலுக்கும் ஒரு பங்கு உண்டு. ‘எல்லை’ என்று பெயரிலேயே பூட்டிவிட்டால் இந்தப் பாதி மாணவர் கண்ணுக்குப் படாமலே போகும்.

—

எழுதுவது: கென்யாவில் பணிபுரியும் நண்பர்

ஆசிரியை சொல்வது சரி. பெயரில் வேலையைச் சொல்ல வேண்டாம், பொருளைச் சொன்னால் போதும். வேலை என்ன என்று ஆய்வாளர்களிடையேயே விவாதம் நடக்கிறது.

உரையில் இன்னொரு சொல்லையும் சரிபாருங்கள் தங்கையே. டிக்டிக்கில் ஒரு வகையான குந்தரின் டிக்டிக் மற்றொரு விலங்கின் எச்சரிக்கைக் குரலைப் புரிந்துகொள்ளும். வெள்ளை வயிற்று ‘கோ-அவே’ பறவை கத்தியதும் மேய்வதை நிறுத்தும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், புதருக்கு ஓடும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுக் கென்யாவில் செய்த ஆய்வு 2008இல் வந்தது. பறவைக்கு மரத்தின் உயரத்திலிருந்து தெரிவது முழங்கால் உயர மானுக்குத் தெரியாது அல்லவா? அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

—

எழுதுவது: மொழிபெயர்ப்பாளர்

‘ஒட்டுக்கேட்டல்’ என்று போட்டிருக்கிறேன் அண்ணா.

—

எழுதுவது: தமிழாசிரியர் (ஓய்வு)

ஒற்றுக்கேட்டல் அல்லவா? ஒற்றாடல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது.

—

எழுதுவது: விலங்கியல் ஆசிரியை

ஐயா, மான் ஒற்றன் இல்லை. ஒட்டுக்கேட்டல் எல்லாருக்கும் தெரிந்த சொல், அப்படியே இருக்கட்டும்.

—

எழுதுவது: மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன பிழுக்கையையும் மேட்டையும் சேர்த்து ‘பிழுக்கைமேடு’ என்று வைத்துக்கொள்கிறேன். வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன், காட்சிக்குள் அடங்குகிறது. பெயர் டிக்டிக் என்றே போகிறது. வரி இப்படி: ‘இருவரும் சேர்ந்தே வருகிறார்கள், தங்கள் பிழுக்கைமேட்டுக்கு. அவள் முதலில். அவன் அதை மறைத்து, மேலே.’ இன்று மாலை அனுப்பிவிடுகிறேன்.

—

எழுதுவது: தமிழாசிரியர் (ஓய்வு)

வரி நன்றாக இருக்கிறது. ஆனால் விலங்குக்கு ‘அவள்’, ‘அவன்’ என்று உயர்திணை முடிபு தருவதை நான் ஏற்கவில்லை. பெண்மானுக்குப் பிணை, ஆண்மானுக்குக் கலை என்ற பெயர்களால் ‘பிணை முதலில், கலை பின்னால்’ என்று சொன்னால் திணையும் வழுவாது, ஓசையும் கெடாது. நேரமிருந்தால் மாற்றுங்கள்.

—

எழுதுவது: கென்யாவில் பணிபுரியும் நண்பர்

‘மேடு’ என் மனதுக்கு இன்னும் ஒட்டவில்லை. இவை காலால் கீறிக்கொண்டே இருப்பதால் பல குவியல்கள் மேடாக எழாமல் தட்டையாகப் பரவிக் கிடக்கும். ‘திட்டு’ என்றால் தரைக்கு மேல் லேசாகத் தெரிவது என்ற பொருள் வரும். குரல்பதிவு முடிந்திருந்தாலும் கலைச்சொல் பட்டியலில் ‘பிழுக்கைத்திட்டு’ என்பதையும் சேருங்கள்.

—

எழுதுவது: விலங்கியல் ஆசிரியை

படத்துக்குப் பிழுக்கைமேடு சரி. பட்டியலில் மிடன் என்பதற்கு எதிரே அதைப் போட நான் சம்மதிக்கவில்லை, திட்டையும் போட வேண்டாம். காண்டாமிருகம் இன்னும் வெளியேதான் நிற்கிறது. அடுத்த பருவத்துப் பாடத்தில் அது வருகிறது. அதுவரை என் வகுப்பில் ‘கழிவுமேடு’ என்றே சொல்லித் தருவேன். கழி என்பது உரிச்சொல் என்ற தடை ‘கழிவு’க்கு இல்லை என்று நினைக்கிறேன், ஐயா பார்த்துச் சொல்லுங்கள்.